ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்

திருவாரூர் ஆழித்தேர் அசையத் தொடங்கும் கணத்தைக் கண்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட அந்தத் தேர், 'ஆரூரா! தியாகேசா!' என்னும் முழக்கத்தினூடே மெல்ல நகர்கிறது. ஆயிரக்கணக்கான கைகள் வடத்தைப் பற்றியிருக்கின்றன. பின்னாலிருந்து புல்டோசர்கள் தள்ளுகின்றன. வீதியின் திருப்பங்களில் சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை இடுவோர் உயிரைப் பணயம் வைத்து நிற்கிறார்கள். தேரை வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்கு, திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் பொருத்தித் தந்த ஹைட்ராலிக் தடை அமைப்பு இருக்கிறது.

அந்த ஒரு நாளுக்குப் பின்னால் பல வாரங்களின் ஏற்பாடு உண்டு. பெருந்தேர் ஓடும் ஊர்களிலெல்லாம் இதுவே நடைமுறை. பொதுப்பணித் துறையினர் தேரின் உறுதியைச் சோதித்துச் சான்று அளிக்கிறார்கள். மின்வாரியத்தினர் வீதியின் குறுக்கே செல்லும் கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். நகராட்சி சாலைப் பள்ளங்களை நிரவுகிறது. தீயணைப்பு வண்டியும், காவல் துறையும், மருத்துவக் குழுவும் தத்தம் இடங்களில் ஆயத்தமாக நிற்கின்றன. இவர்கள் அனைவரையும் முன்கூட்டியே ஒரே கூடத்தில் அமர்த்தி ஆலோசனைக் கூட்டம் நடத்துவது மாவட்ட நிர்வாகத்தின் வழக்கம்.

தேர் நடுவீதியில் நின்றுவிட்டால், அதில் வீற்றிருக்கும் இறைவனை எவரும் குறை சொல்வதில்லை. வடம் தளர்ந்ததா, சக்கரம் மண்ணில் புதைந்ததா, முட்டுக்கட்டை சரியாக விழுந்ததா என்றே பார்க்கிறார்கள். ஆனால், குழந்தையும் தெய்வமும் ஒன்று என்று சொல்லும் அதே ஊரில், ஒரு குழந்தையின் உடல் அளவுக்கு மீறிப் பருத்துவிட்டால் பேச்சு வேறாகிவிடுகிறது. 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று குழந்தையைக் குறை சொல்கிறார்கள்; 'ஊட்டி ஊட்டிக் கெடுத்துவிட்டாள்' என்று தாயைக் குறை சொல்கிறார்கள். வகுப்பறையில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. விளையாட்டுக்கு ஆள் சேர்க்கும்போது அந்தக் குழந்தையைக் கடைசியாகவே அழைக்கிறார்கள். அதன் சக்கரம் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்பவர் அரிது.

ஐந்தில் இருவர்

உடற்பருமன் இன்று சில வீடுகளின் தனிக்கவலை அன்று. 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். 2015-16 கணக்கெடுப்பில் இவை முறையே 30.9, 28.2 விழுக்காடாக இருந்தன. அகில இந்திய அளவில் பெண்களில் 24, ஆண்களில் 22.9 விழுக்காடு மட்டுமே என்பதை ஒப்பிட்டால் தமிழகத்தின் நிலை விளங்கும். மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்து பேரில் இருவருக்கு உரிய பிரச்சினை இது.

எடையைக் கிலோகிராமில் எடுத்து, அதை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். மேற்சொன்ன கணக்கெடுப்பு 25 என்பதை எல்லையாகக் கொண்டது. இந்தியர்களின் உடல்வாகில் தசையைவிடக் கொழுப்பு மிகுதியாகவும், அதுவும் வயிற்றைச் சுற்றியும் சேர்வதால், 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை தேவை என்று இந்திய மருத்துவ வல்லுநர்கள் வகுத்துள்ளனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் கடக்கலாகாது என்பதும் அவர்கள் வகுத்த அளவே. நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம், மாரடைப்பு, கல்லீரலில் கொழுப்பு படிதல், முழங்கால் தேய்வு, சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கு இந்த மிகைக் கொழுப்பு வாயிலாக அமைகிறது.

இதன் கணக்கு கூட்டுவட்டியைப் போன்றது. சிறிது சிறிதாகச் சேர்வதால் கண்ணில் படுவதில்லை. ஒருவர் நாளொன்றுக்கு நான்கு வேளை காபி அருந்தி, ஒவ்வொரு வேளையும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தேக்கரண்டிக்கு ஐந்து கிராம் வீதம் நாளுக்கு 40 கிராம். மாதத்துக்கு 1,200 கிராம். இனிப்பு, பிஸ்கட், குளிர்பானம் எதுவும் இக்கணக்கில் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனமோ ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்துவது மேலும் நலம் என்கிறது.

அப்படியானால் ஒவ்வொருவரும் நாவைக் கட்டுப்படுத்திக்கொண்டால் போதாதா என்னும் கேள்வி இயல்பாக எழும். உடலின் இயற்கை அதற்கு எளிதில் இடம் தருவதில்லை. எடை குறையத் தொடங்கியதும் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. போதும் என்று உணர்த்தும் சுரப்பு குறைகிறது. உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பதற்காக அமைந்த இந்த ஏற்பாடு, பண்டங்கள் மலிந்த காலத்தில் எதிராகத் திரும்பிவிடுகிறது. வெளியிலோ, நடப்பதற்கு நடைபாதை இல்லை. விளையாடத் திடல் இல்லை. பள்ளி வாசலிலேயே பொட்டலத் தின்பண்டம் தொங்குகிறது. பழத்தைவிட அது மலிவாகவும் கிடைக்கிறது. இத்தனைக்கும் எதிராக ஒரு சிறுவனின் மனவுறுதியை மட்டும் நிறுத்துவது, தேரை ஒற்றை ஆள் இழுக்கட்டும் என்பதற்கு ஒப்பாகும்.

இரு சிற்றூர்கள் கற்ற பாடம்

ஊர் கூடி இந்தத் தேரை இழுக்க முடியுமா? முயன்று பார்த்த ஊர்கள் சில உண்டு. பிரான்சின் வடபகுதியில் லீல் நகருக்கு அருகே ஃப்ளர்பே, லவாந்தி என்னும் இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. 1992-இல் அங்குள்ள பள்ளிகளில் உணவைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினார்கள். எது நல்ல உணவு, பொட்டலத்தின் மேலுள்ள விவரங்களை எப்படிப் படிப்பது, காய்கறி எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் பிள்ளைகள் கற்றார்கள். கற்றதை வீட்டிலும் சொன்னார்கள். வீட்டு உணவிலும் சிறிது மாற்றம் வந்தது.

ஆனால், பருமன் குறையவில்லை. முதல் சில ஆண்டுகளில் அது கூடவே செய்தது. அறிவு மட்டும் போதவில்லை என்பது தெளிவாயிற்று.

இந்த இடத்தில் அந்த ஊரார் முயற்சியைக் கைவிடாமல், வடத்தைப் பிடிக்கும் கைகளைக் கூட்டினார்கள். மேயர் முன்னின்றார். உணவியல் வல்லுநர்களைப் பணியில் அமர்த்தினார்கள். விளையாட்டிடங்களைப் புதிதாக அமைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள் கிடைத்தார்கள். பள்ளிக்கு நடந்தே செல்லும் நாள்கள் வந்தன. குடும்பத்தோடு காலை உணவு உண்ணும் நிகழ்ச்சிகள் நடந்தன. ஊர் மருத்துவர், மருந்துக் கடைக்காரர், மளிகை வணிகர், கலை மன்றத்தார், விளையாட்டு மன்றத்தார் எனப் பலரும் ஒரே செய்தியைத் தத்தம் வழியில் பரப்பினார்கள். 2004-இல் கணக்கெடுத்தபோது, அவ்வூர்க் குழந்தைகளில் மிகை எடை உடையோர் 8.8 விழுக்காடு. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட அண்டை ஊர்களில் அது 17.8 விழுக்காடு, ஏறத்தாழ இரு மடங்கு.

அதே 2004-ஆம் ஆண்டில் இந்த முறை 'எப்போத்' என்னும் பெயரில் பிரான்சின் பத்து நகரங்களுக்கு விரிந்தது. பின்னர் பெல்ஜியம், ஸ்பெயின் முதலிய நாடுகளுக்கும் சென்றது. 'குழந்தைகளின் பருமனை ஒன்றுசேர்ந்து தடுப்போம்' என்பது அப்பெயரின் விரிவு. அதன் நிதியில் ஒரு பகுதியை உணவுத் தொழில் நிறுவனங்கள் தந்தன என்பதால் கண்டனமும் எழுந்தது. இனிப்பை விற்பவரின் பணத்தில் இனிப்பைக் குறைக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டவர்களை எளிதில் புறக்கணித்துவிட முடியாது. பலர் கூடிச் செய்யும் பணியில், யார் எதற்காகக் கூடுகிறார் என்று பார்ப்பதும் பொறுப்புள்ளோர் கடமையாகிறது.

ஆம்ஸ்டர்டாமின் நெடிய ஓட்டம்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் இந்தப் பணியை இன்னும் பெரிய அளவில் மேற்கொண்டது. 2012-இல் அந்நகரின் குழந்தைகளில் 21 விழுக்காட்டினர், அதாவது ஐந்தில் ஒருவர், மிகை எடையோ பருமனோ உடையவர்களாக இருந்தனர். ஏழைக் குடும்பங்களிலும், துருக்கி, மொராக்கோ, சுரினாம் முதலிய நாடுகளிலிருந்து குடியேறியோர் இல்லங்களிலும் இது மேலும் மிகுதி.

அப்போது நகரின் சுகாதாரப் பொறுப்பை ஏற்றிருந்த துணை மேயர் எரிக் வான் டர் பர்க், மக்களின் சொந்த வாழ்வில் அரசு அதிகம் தலையிடலாகாது என்னும் கொள்கையுடைய கட்சியைச் சேர்ந்தவர். அவரே, பிள்ளைகளின் எடை நகரம் முழுவதற்கும் உரிய பொறுப்பு என்னும் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். 2033-க்குள் நகரின் எல்லாக் குழந்தைகளும் உரிய எடையோடு வளர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். இருபது ஆண்டு இலக்கு! அடுத்த தேர்தலுக்குள் பலன் காட்ட வேண்டும் என்னும் அவசரம் அதில் இல்லை. ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர், பிறகு அரை மாரத்தான் என்று ஓட்டப்பந்தயக் கணக்கில் படிப்படியாக இலக்குகளைப் பிரித்துக்கொண்டார்கள்.

பள்ளிகளில் பழச்சாற்றுக்கும் இனிப்புப் பானத்துக்கும் இடமில்லை. தண்ணீரும் பாலும் மட்டுமே என்று வகுத்தார்கள். பிறந்தநாளன்று பிள்ளைகள் வகுப்பில் பகிரும் தின்பண்டமும் நலம் தருவதாக இருக்க வேண்டும் என்றார்கள். பொது இடங்களில் குடிநீர்க் குழாய்களை அமைத்தார்கள். சிறுவர் விளையாட்டு விழாக்களுக்குத் துரித உணவு, குளிர்பான நிறுவனங்களின் ஆதரவுப் பணத்தை நகரம் ஏற்க மறுத்தது. தெருவையும் பூங்காவையும் திட்டமிடுவோர், பிள்ளைகள் ஓடியாடும் இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பருமன் மிகுந்த குழந்தையின் இல்லத்துக்குச் செவிலியர் சென்று, உணவோடு உறக்கம், வீட்டுச் சூழல், பெற்றோரின் பணச்சுமை ஆகியவற்றையும் கேட்டறிந்தார். கடனில் தத்தளிக்கும் வீட்டில் கீரையைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை என்பதை அந்நகரம் உணர்ந்திருந்தது.

2015-இல் 21 விழுக்காடு 18.5 ஆகக் குறைந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடமும் குறைவு தென்பட்டது என்பது அதன் சிறப்பு. குறைந்ததெல்லாம் திட்டத்தாலேயே குறைந்தது என்று ஆய்வாளர்கள் அறுதியிடவில்லை. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அதே வேகம் நீடிக்கவும் இல்லை. தேர் ஒரே மூச்சில் நிலைக்கு வந்துவிடுவதில்லை. எனினும், உலகெங்கும் இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெருநகரம் அதைச் சில ஆண்டுகளேனும் இறங்கச் செய்தது என்பது சிறிய செய்தி அன்று.

தமிழகத்தில் வடங்கள் உண்டு

இவ்வூர்களில் இருந்த கருவிகள் பல தமிழகத்திலும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளோடு களப்பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்டது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில், அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முறை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் பெயரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதைகள் அறிவிக்கப்பட்டன. பள்ளி வளாகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளை விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2020-லேயே விதி வகுத்துவிட்டது.

வடங்கள் இருந்தும் அவை ஒரே திசையில் இழுக்கப்படுவதில்லை. மருந்து தர வீட்டுக்கு வரும் பணியாளர், அவ்வீட்டுப் பிள்ளையின் பள்ளியில் விளையாட்டு வகுப்பு நடக்கிறதா என்று கேட்பதற்கு வழியில்லை. பள்ளியில் சத்தான காலை உணவு உண்ட பிள்ளை, மாலையில் வாசல் தாண்டியதும் எண்ணெயில் பொரித்த பொட்டலத்தை வாங்குகிறது. 50 மீட்டர் விதியைச் செயற்படுத்துவது உணவுப் பாதுகாப்பு அலுவலரா, தலைமையாசிரியரா, உள்ளாட்சி நிர்வாகமா என்னும் தெளிவு பல ஊர்களில் இல்லை.

வரியிலும் இம்முரண்பாடு தெரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரி விகிதங்களில் இனிப்பூட்டிய குளிர்பானங்களுக்கு 40 விழுக்காடு விதிக்கப்பட்டுள்ளது. அதே நாளில் சாக்லேட், பிஸ்கட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரி 18-இலிருந்து 5 விழுக்காட்டுக்கும், மிக்சர் போன்ற காரவகைகளின் வரி 12-இலிருந்து 5 விழுக்காட்டுக்கும் குறைந்தது. குடும்பச் செலவைக் குறைக்கும் நல்ல நோக்கம் அதற்கு இருக்கலாம். ஆனால், முன்னால் ஒரு வடம் இழுக்கும்போது பின்னால் மற்றொரு வடமும் இழுபட்டால் தேர் எங்ஙனம் நகரும்?

ஆகவே வேண்டுவது புதியதோர் அறிவிப்பு அன்று. தேர்த்திருவிழாவுக்கு அமர்வதுபோல மருத்துவம், பள்ளிக்கல்வி, உணவுப் பாதுகாப்பு, உள்ளாட்சி, நெடுஞ்சாலை, உணவு வழங்கல், விளையாட்டு ஆகிய துறைகள் மாவட்டந்தோறும் ஒரே கூடத்தில் அமர வேண்டும். எந்த வேலை எவருடையது, எந்த நாளுக்குள் என்று அங்கே எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கோயிலின் பங்கு

அந்தக் கூடத்தில் கோயிலுக்கும் ஓர் இருக்கை உண்டு. சொல்லப்போனால், தமிழ் மண்ணில் உணவையும் நடையையும் விரதத்தையும் ஒருசேரக் கற்பித்த இடம் கோயிலே. ஆடி மாதத்தில் அம்மன் சந்நிதியில் வார்க்கும் கேழ்வரகுக் கூழ், நவராத்திரியில் நாளொரு வகையாகப் படைக்கும் சுண்டல், பங்குனி வெயிலில் தண்ணீர்ப் பந்தலில் தரும் நீர்மோர் ஆகியவை உணவியல் வல்லுநர் எவரும் மறுக்காதவை. பிராகாரத்தை வலம் வருவதும், மாட வீதிகளைச் சுற்றுவதும், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்வதும் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே அமைந்த பயிற்சிகள்.

அந்த வழக்கங்கள் சற்றே திரிந்துவிட்டன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளங்கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்ட பிரசாதம், இன்று பொட்டலங்களாக வீட்டுக்கு வந்து இரவு உணவாகிறது. ஏகாதசி அன்று அரிசியைத் தவிர்த்தவர்கள், அதற்கு ஈடாகப் பூரியும் வடையும் வயிறு நிறைய உண்கிறார்கள். ராஜகோபுர வாசல் வரை வாகனத்தில் வந்து, ஒரு சுற்றோடு வழிபாட்டை முடிப்போர் பெருகிவிட்டனர்.

கோயில் நிர்வாகங்கள் செய்யக்கூடியவை பல. கோயில் மடைப்பள்ளிகளின் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'போக்' என்னும் சான்றிதழ் வழங்குகிறது. தமிழகத்தில் பல கோயில்கள் அதைப் பெற்றுள்ளன. தூய்மைக்குச் சான்று பெற்ற மடைப்பள்ளி, அடுத்த படியாக அளவையும் கவனிக்கலாம். நைவேத்தியத்தின் முறைமையில் கை வைக்க வேண்டியதில்லை. விநியோகத்தில் தொன்னையின் அளவைச் சற்றே சிறிதாக்கலாம். வாரத்தில் சில நாள்கள் சுண்டல் தரலாம். 2002 முதல் தமிழகக் கோயில்களில் நடைபெற்றுவரும் அன்னதானத்தில் கீரையும் காயும் ஒரு கரண்டி கூடுதலாக இடம்பெறலாம். பெரிய கோயில்கள் சிலவற்றில் மருத்துவ மையங்கள் ஏற்கெனவே இயங்குகின்றன. தரிசனத்துக்கு வரும் குடும்பத்தார் அங்கே இரத்த அழுத்தத்தோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளும் வசதி செய்யலாம். கோயிலில் தரும் அறிவுரைக்கு மக்கள் செவிசாய்ப்பது போல வேறெங்கும் செவிசாய்ப்பதில்லை.

ஆண்டாள் நாச்சியார் அருளிய திருப்பாவை இங்கே நினைவுக்கு வருகிறது. நோன்பின் தொடக்கத்தில் ஆயர்பாடிச் சிறுமியர் நெய்யையும் பாலையும் விலக்குகிறார்கள். நோன்பு நிறைவேறியபின் நெய் வழியும் பாற்சோற்றை மகிழ்ந்து உண்கிறார்கள். விலக்கும் காலம் ஒன்று, விருந்தின் காலம் ஒன்று என்னும் ஒழுங்கு அதில் இருக்கிறது. அதைவிடவும் கருதத்தக்கது, அந்த நோன்பை எவளும் தனித்து நோற்கவில்லை என்பது. உறங்குபவளின் வாசலுக்கே சென்று தோழியர் எழுப்புகிறார்கள். எழாதவளை விட்டுவிட்டுப் போவதில்லை.

மருத்துவமும் நான்கு கை கூடியதே

தடுப்பது ஒருபுறம். ஏற்கெனவே பருமனால் துன்புறுவோருக்கு வேண்டுவது சிகிச்சை. உணவு மாற்றமும் உடற்பயிற்சியும் முதற்படி. அவற்றோடு உறக்கத்தையும் மன அழுத்தத்தையும் சீர்செய்வது அடுத்தது. தேவைப்பட்டால் மருந்து, மிகக் கடுமையான நிலையில் அறுவை சிகிச்சை. பசியைத் தணித்து எடையைக் குறைக்கும் வாராந்திர ஊசி மருந்துகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துள்ளன. மருத்துவரின் கண்காணிப்பின்றி, விளம்பரத்தையோ அண்டை வீட்டார் பேச்சையோ நம்பி அவற்றை நாடுவது ஆபத்து. நிறுத்தியபின் எடை திரும்பவும் ஏறக்கூடும் என்பதால், வாழ்க்கைமுறை மாற்றத்துக்கு அவை துணையாகலாமே தவிர மாற்றாகா.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் பொருட்பாலில் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்று தனிமனிதனுக்குச் சொல்லும் வள்ளுவர், அந்த அதிகாரத்தை அத்தோடு முடித்துவிடவில்லை. நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அதை உடனிருந்து அளிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று நிறைவு செய்கிறார். நோயுற்றவரை மட்டும் பொறுப்பாக்கும் மருத்துவத்தை அவர் சொல்லவில்லை. அந்த நான்காமவர், உடனிருப்பவர், பெரும்பாலும் குடும்பத்தவரே.

குடும்பம் தொடங்கும் இடம் வீட்டின் மளிகைப் பட்டியல். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 27 கிராம் போதும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் மூன்றேகால் கிலோ. இல்லத்தில் வாங்குவது எவ்வளவு என்று மாத முதல் தேதியில் ஒருமுறை எழுதிப் பார்த்தால், பல வீடுகளில் அதுவே ஓர் உபதேசமாக அமையும். அந்தக் குறைப்பும் பருத்த பிள்ளையின் தட்டில் மட்டும் நிகழலாகாது. தம்பிக்கு முறுக்கும் அண்ணனுக்கு வெள்ளரியும் என்று பிரித்துவைத்தால், அண்ணன் கற்பது அவமானத்தை மட்டுமே. வீடு முழுவதும் ஒரே உணவை உண்ண வேண்டும். மாலையில் பிள்ளையைத் தனியே ஓடச் சொல்லாமல் தாத்தாவும் பாட்டியும் உடன் நடக்க வேண்டும். பட்டப்பெயரை வீட்டில் எவரும் விளையாட்டுக்கும் உச்சரிக்கலாகாது. பள்ளியில் உச்சரித்தால் ஆசிரியரிடம் பேசத் தயங்கலாகாது.

தேர்த்திருவிழாவில் வடத்தைப் பற்றிய எந்தக் கையும், தேரை நகர்த்தியது நானே என்று சொல்லிக்கொள்ள முடியாது. எந்தக் கையும் வீண் என்றும் சொல்ல முடியாது. தேர் நிலைக்குத் திரும்பியபின் வீதியில் நிற்பவர்கள் முகத்தில் ஒரே நிறைவு தெரியும். பட்டப்பெயருக்கு அஞ்சாமல் தன் வகுப்புத் தோழர்களோடு ஒரு குழந்தை திடலில் ஓடி விளையாடும் நாளில், அந்த நிறைவு அதன் தாயின் முகத்திலும் தெரியும். அதற்காக ஊர் முழுவதும் வடம் பிடிக்கலாம்.